பத்தியில் எங்கே இருக்கிறது?

சட்டப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குச் சேர்ந்து படிக்கும் பிளஸ் டூ மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

டிசம்பரில் கிளாட் என்னும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வை எழுதப்போகும் உங்களில் பலர் இந்நேரம் நான்கைந்து பேராகச் சேர்ந்திருப்பீர்கள். கிளை நூலகத்திலோ, பள்ளி விட்டபின் காலியான வகுப்பறையிலோ, யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியிலோ உட்காருகிறீர்கள். பெருநகரக் கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணம் இல்லாமல் சேர்ந்தவர்கள் உண்டு. பணம் இருந்தும் ஊரில் அப்படியொன்று இல்லாமல் சேர்ந்தவர்களும் உண்டு. நான் தென்மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் வழக்குரைஞர். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி ஒரு குழுவோடு உட்காருகிறேன். அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருப்பதை, எனக்கு முகம் தெரியாத உங்களுக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில், உங்களுக்குள் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்றைப் பேசிவிடுவோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் தோழியா, போட்டியா? நல்ல மாக் டெஸ்ட் ஒன்று கையில் கிடைத்தால் எல்லாருக்கும் காட்டுவதா, நாம் மட்டும் போட்டுப் பார்த்துக்கொள்வதா? இந்த யோசனை வருவதற்காக வெட்கப்படவேண்டாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தத் தேர்வை எழுதுகிறவர்கள் நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துக்கும் மேல். இடங்கள் சில ஆயிரம்தான். உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு உங்கள் தோழி உங்களை முந்தினால் உங்கள் தரவரிசை ஓரிடம் இறங்கும். ஒரே ஓர் இடம். அதே தோழி, நீங்கள் ஒரு பத்தியைத் தப்பாகப் படிக்கும் பழக்கத்தைக் கண்டுபிடித்துச் சொன்னால் உங்களுக்கு ஐந்தாறு மதிப்பெண் கூடும். அந்த ஐந்தாறு மதிப்பெண்ணுக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறைக்க மாட்டேன். திருச்சி நாவலூர்குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள் இருக்கின்றன. அந்தச் சின்ன வட்டத்துக்குள் நீங்களும் உங்கள் தோழியும் நேருக்கு நேர் போட்டிதான். ஒரே பிரிவில், கடைசி இடத்துக்கு, உங்கள் இருவரில் ஒருவர் என்று வரவும் கூடும். அது நடக்கலாம் என்று தெரிந்தே சேர்ந்து படியுங்கள் என்கிறேன். ஏனென்றால், தனியாக உட்கார்ந்தால் நீங்கள் இருவருமே அந்த வட்டத்தின் விளிம்பைக்கூடத் தொடாமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

அது ஏன் என்பதற்கு இந்தத் தேர்வின் தன்மையைப் பார்க்கவேண்டும். 2008-இல் கிளாட் தொடங்கியபோது, அதுவரை தனித்தனியாகத் தேர்வு வைத்துக்கொண்டிருந்த சட்டப் பல்கலைக்கழகங்களில் ஏழு ஒன்றாக வந்தன. அப்போதும் அதன்பின் பல ஆண்டுகளும் கேள்விகள் துண்டு துண்டாக இருந்தன. மனப்பாடம் செய்தவர் பிழைத்தார். நாடுகளின் தலைநகரங்கள், விருது வாங்கியவர்கள், லத்தீன் சட்டச் சொற்கள் என்று பட்டியல் பட்டியலாக விழுங்கினார்கள். 2020 முதல் அது மாறிவிட்டது. இப்போது எல்லாமே பத்திதான். சுமார் 450 சொல் உள்ள ஒரு பத்தி, அதன் கீழே நாலைந்து கேள்வி. 2023 டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து கேள்விகள் 120, நேரம் 120 நிமிடம். இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் சொற்களைப் படித்து, அவை என்ன சொல்கின்றன, என்ன சொல்லவில்லை என்று முடிவுகட்டவேண்டும். அண்ணன் கொடுத்தார், அக்கா கொடுத்தார் என்று 2020-க்கு முந்தைய 200 கேள்விக் காலத்துக் கைடு யாரிடமாவது இருந்தால், அதைக் கணக்குக்கும் ஆங்கிலச் சொற்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சட்டப் பகுதிக்கு அதைத் தொடவேண்டாம்.

வாசிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. தப்பாகப் படித்தவருக்குத் தான் தப்பாகப் படித்தது தெரியாது. கணக்கு தப்பினால் விடை வராது, உடனே தெரிந்துவிடும். பத்தி தப்பினால் விடை வந்துவிடும், அதுவும் மிகுந்த நம்பிக்கையோடு வரும். விடைக்குறிப்பைப் பார்த்து, "ஓ, ‘பி’யா? சரி" என்று அடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். தவறு அங்கேயே தங்கிவிடும். அதை வெளியே இழுத்துப்போட இன்னொரு ஆள் வேண்டும்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் நடந்த ஒரு சண்டையைச் சொல்கிறேன். சட்டக் கேள்வி. பத்தி சொன்ன விதி இதுதான்: வேலையாள் தன் வேலையின் போக்கில் செய்யும் தவறுக்கு முதலாளி பொறுப்பு; வேலையை விட்டு முழுக்க விலகித் தன் சொந்தக் காரியத்துக்காகப் போகும்போது செய்யும் தவறுக்குப் பொறுப்பில்லை. கேள்வியில் வந்த சம்பவம்: பால் வேன் ஓட்டுநர் பாலை இறக்கிவிட்டு, நேரே டிப்போவுக்குத் திரும்பாமல், எதிர்த்திசையில் போய்த் தன் தங்கையைப் பேருந்து நிலையத்தில் விடுகிறார். அங்கே ஒரு சைக்கிள்காரர் மேல் வேன் மோதுகிறது.

"வண்டி ஓனரோடது, டீசல் ஓனரோடது. அவர்தான் குடுக்கணும்" என்றான் ஒருவன். "எங்க ஊர்ல லாரி மோதினப்ப லாரி ஓனர்தான் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் பார்த்தாரு."

"அது உங்க ஊர்ல. வண்டி யாரோடதுன்னு பாக்கணும்னு பத்தியில எங்கடா இருக்கு?" என்று கேட்டாள் எதிரில் இருந்தவள்.

அவன் தேடினான். இல்லை. பத்தியில் இருந்தது வேலையின் போக்கு, சொந்தக் காரியம் என்ற இரண்டு மட்டும்தான். அடிபட்ட சைக்கிள்காரருக்கு யாராவது கொடுக்கத்தானே வேண்டும் என்ற இரக்கம் அவனை ஓனரிடம் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. அந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன். பிற்காலத்தில் அவன் நல்ல வழக்குரைஞனாக அதுவே உதவும். மோட்டார் வாகன வழக்குகளில் இழப்பீட்டுச் சட்டம் வேறு, காப்பீடு வேறு, அங்கே விடையும் வேறாக இருக்கலாம். ஆனால் அன்றைய பத்தி கேட்டது அதையல்ல. கொடுத்த விதியை, கொடுத்த சம்பவத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னது, அவ்வளவே. சட்டம் எதுவும் தெரியாத பிளஸ் டூ பிள்ளை விடை சொல்லக்கூடியதாகத்தான் அந்தக் கேள்விகளை அமைக்கிறார்கள்.

அவளது அந்த ஒற்றைக் கேள்வியை உங்கள் குழுவின் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த விடையைச் சொன்னாலும், "பத்தியில் எங்கே இருக்கிறது?" அவர் விரல் வைத்துக் காட்டவேண்டும். காட்ட முடியாவிட்டால், விடை சரியாக இருந்தாலும் அது குருட்டாம்போக்கில் கிடைத்தது. டிசம்பரில் அது மறுபடி கிடைக்குமென்று நம்பமுடியாது.

எப்படி உட்காருவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சேர்ந்து படிப்பது என்ற பெயரில் அரட்டையில் கரைந்துபோன மாலைகள் உங்களுக்கும் தெரியும். எல்லாரும் ஒரே பத்தியை, ஒரே நேரத்தில், வாய்திறக்காமல் படியுங்கள். கேள்விகளோடு சேர்த்து ஐந்து நிமிடம். விடையை எழுதிக் கவிழ்த்து வையுங்கள். உடனே விடைக்குறிப்பைப் புரட்டாதீர்கள். இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் காரியத்தைக் கெடுத்துக்கொள்கின்றன. விடைகள் வேறுபட்ட கேள்வியை மட்டும் எடுத்து, சிறுபான்மை பக்கம் நிற்பவரை முதலில் பேசவிடுங்கள். குழுவில் எப்போதும் அதிக மதிப்பெண் வாங்குகிறவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தங்கள் விடையை மெல்ல மாற்றிக்கொள்வார்கள், அவர்களது தவறு எங்கே முளைத்தது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஒருவரையொருவர் நம்பவைத்தபின், அல்லது நம்பவைக்க முடியாமல் போனபின், விடைக்குறிப்பைப் பாருங்கள். ஒரு மாலைக்கு ஆறு பத்தி போதும். இருபது பத்தியைத் தனியாக ஓட்டுவதைவிட இந்த ஆறு மேல்.

இதற்காக ஒரு நோட்டும் போடுங்கள். தவறான விடையையும் சரியான விடையையும் மட்டும் எழுதினால் பயனில்லை. ஏன் தவறினோம் என்பதை இப்படி எழுதவேண்டும்: ‘மட்டும்’ என்று பொருள்தரும் சொல்லைத் தாண்டிவிட்டேன். எழுத்தாளர் மறுப்பதற்காகச் சொன்ன கருத்தை அவருடைய கருத்தாக எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த செய்தியைப் பத்திக்குள் புகுத்திவிட்டேன். ஒரு மாதம் எழுதினால், நீங்கள் திரும்பத் திரும்பச் செய்வது மூன்று நான்கு தவறுகள்தான் என்பது தெரியும். உங்கள் நோட்டை உங்களைவிட நன்றாகப் படிக்கக்கூடியவர் பக்கத்தில் இருப்பவர்.

இப்போது ஆங்கிலம். தேர்வு முழுக்க ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. தாய்மொழிகளிலும் நடத்தவேண்டும் என்று 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அந்தக் கோரிக்கையின் நியாயத்தில் எனக்கு ஐயமில்லை. தமிழ்வழியில் படித்த பிள்ளையின் சிந்தனைத் திறனை அளக்காமல் ஆங்கில வேகத்தை அளக்கும் தேர்வு, நாட்டு நீதித்துறைக்கு வரவேண்டிய பலரை வாசலிலேயே நிறுத்துகிறது. ஆனால் வரும் டிசம்பரில் உங்கள் முன் இருக்கப்போவது ஆங்கிலத் தாள்தான். தமிழ்வழி மாணவர்கள் குழுவில் பேசத் தயங்கி ஒதுங்குவதைப் பார்த்திருக்கிறேன். தயங்காதீர்கள். படிப்பது ஆங்கிலமாக இருக்கட்டும், சண்டை தமிழில் நடக்கட்டும். ஒரு வாதத்தைத் தமிழில் எதிராளி வாயடைக்கும்படிச் சொல்ல முடிந்தால் அது உங்களுக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் மீதி இருப்பது வாசிப்பு வேகம். அது அன்றாடப் பழக்கத்தில் வரும்.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். உச்ச நீதிமன்றம் 2019 முதல் தன் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழிலும் மொழிபெயர்த்துத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. காசில்லாமல் கிடைக்கும். தமிழாக்கம் உள்ள தீர்ப்பு ஒன்றை எடுத்து, நாலு பக்கத்தைத் தமிழில் படித்து, உடனே அதே நாலு பக்கத்தை ஆங்கிலத்தில் படியுங்கள். மூன்றாவது வாரத்திலேயே, நீதிபதிகள் ஒரு வாக்கியத்தை எப்படி நீட்டி எங்கே திருப்புகிறார்கள் என்பது பிடிபடத் தொடங்கும்.

அரசமைப்புச் சட்டத்தின் பெரிய வழக்குகள் எங்கோ டெல்லியில் பிறந்தவை என்றும் நினைக்கவேண்டாம். சென்னை மாகாணத்துக் கல்லூரி இடங்களுக்கான வகுப்புவாரி ஆணையை எதிர்த்து செண்பகம் துரைராஜன் தொடர்ந்த வழக்கில் 1951-இல் வந்த தீர்ப்பே அரசமைப்பின் முதல் திருத்தத்துக்கு ஒரு காரணம். இன்று நீங்கள் விண்ணப்பத்தில் குறியிடும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டின் வேர் அந்தத் திருத்தத்தில் இருக்கிறது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று போட்ட வழக்கில்தான், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டில் சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளைப் பற்றிய தீர்ப்பும் வந்தது. உங்களில் ஆம்பூர், வாணியம்பாடி, சிவகாசிப் பிள்ளைகள் இருந்தால், உங்கள் குழுவுக்கு அந்த வழக்குகளை நீங்கள்தான் பாடமாக நடத்தவேண்டும். ஆற்றைப் பார்த்தவர் சொல்வதைக் கேட்டால் அந்தச் சட்டக் கொள்கை மறக்காது.

தேர்வில் நடப்பு நிகழ்வுகளுக்கும் சட்டத்துக்கும் தலா சுமார் முப்பது கேள்வி. செய்தித்தாளை ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொள்வது வழக்கம்: ஒருவருக்கு நீதிமன்றச் செய்தி, ஒருவருக்கு வெளிநாடு, ஒருவருக்குப் பொருளாதாரம். பிரிப்பது நல்லதுதான், ஆனால் குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அனுப்பியதை யாரும் படிப்பதில்லை. வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் பத்து நிமிடம் எழுந்து நின்று சொல்லவேண்டும், மற்றவர்கள் குறுக்கே கேள்வி கேட்கவேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டம் போய் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது என்பது ஒரு வரிச் செய்தி. ஏன் மாற்றினார்கள், எது மாறியது, யார் எதிர்த்தார்கள், ஜூன் 30 அன்று நடந்த குற்றத்துக்கு எந்தச் சட்டம் என்று நாலு பேர் குடைந்தால்தான் அது படிப்பு.

கணக்குப் பகுதியில் பத்துப் பன்னிரண்டு கேள்விதான்; பத்தாம் வகுப்பு விழுக்காடும் விகிதமும் போதும். அதை விடுத்து ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பல பிள்ளைகள் இதில் அஞ்சி மதிப்பெண்ணை விடுகிறார்கள். சரியான விடைக்கு 1, தவறுக்கு 0.25 கழியும். தெரியாவிட்டால் தொடாதே என்று எல்லாரும் சொல்வார்கள். நாலு விடைகளில் ஒன்று நிச்சயமாக இல்லை என்று தள்ளிவிட்டீர்களானால் மூன்று மிஞ்சும். அப்படி மூன்று கேள்விகளுக்கு விடை அடித்தால், சராசரியாக ஒன்று சரி, இரண்டு தவறு: 1 வரும், 0.5 போகும். அரை மதிப்பெண் லாபம். இரண்டைத் தள்ள முடிந்தால் இன்னும் அதிகம். மாக் டெஸ்ட்டில் இப்படி ஐயத்தோடு அடித்தவற்றை மட்டும் தனியாகக் குறித்து, எத்தனை சரியாகின என்று ஒருவர் மற்றவருக்கு எண்ணிச் சொல்லுங்கள். உங்கள் தள்ளும் திறமையை எவ்வளவு நம்பலாம் என்பது அப்போது தெரியும்.

வீட்டுச் சங்கதியும் பேசவேண்டும். விண்ணப்பக் கட்டணமே பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 3,500 ரூபாய் என்று இருந்துவருகிறது. ஒரு நுழைவுத் தேர்வுக்கு இது மிக அதிகம் என்பது என் உறுதியான கருத்து. இடம் கிடைத்தால் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் விடுதியோடு ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் ஆகும். இதை அப்பா அம்மாவிடம் இப்போதே சொல்லுங்கள், தரவரிசை வந்தபின் சொல்லாதீர்கள். குழுவில் ஒருவரை உதவித்தொகைகளைத் தேடும் பொறுப்பில் வையுங்கள். பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் தொடங்கிய ‘இடியா’ அமைப்பு, வசதியற்ற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் கிளாட்டுக்குப் பயிற்சி தருவதையே வேலையாகக் கொண்டது. 2019-இல் அவர் மறைந்தார்; அமைப்பு நடக்கிறது. உங்கள் பள்ளிக்கு அவர்களை அழைக்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

கிளாட் ஒன்றே வழி என்று உங்களில் யாரும் ஒருவரையொருவர் பயமுறுத்தவேண்டாம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலும் மதுரை, கோவை, நெல்லை தொடங்கி மாவட்டங்களில் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளிலும் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அரசு சட்டக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021-இல் சட்டப் படிப்புக்கும் வந்தது. 2013-இல் இந்தியாவின் தலைமை நீதிபதியான ப. சதாசிவம், பவானி பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து சென்னை அரசு சட்டக் கல்லூரியில் படித்தவர். அதனால்தான் சொல்கிறேன்: டிசம்பருக்காக மார்ச்சைக் கைவிட்டுவிடாதீர்கள். பொதுத்தேர்வு மதிப்பெண்தான் இந்தக் கல்லூரிகளின் கதவைத் திறக்கும்.

தேர்வு நாள் பற்றி ஒன்று. கிளாட் டிசம்பர் முதல் ஞாயிறு நடக்கிறது. அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023-இல் தேர்வு டிசம்பர் 3. அன்றிரவு மிக்ஜாம் புயலின் மழையில் சென்னை மூழ்கத் தொடங்கியது. 2024-இல் டிசம்பர் 1. முந்தைய இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தேதி குறிக்கும் இடத்தில் இருப்பவர்கள் தமிழ்நாட்டு வானத்தையும் கொஞ்சம் பார்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். அவர்கள் பார்க்கும்வரை, மையம் வெளியூரில் விழுந்தவர்கள் வெள்ளிக்கிழமையே கிளம்பிவிடுங்கள். அந்த ஊரில் யாருக்காவது சித்தியோ மாமாவோ இருப்பார்கள். எல்லாரும் அங்கே போய்ப் படுங்கள். ஹால் டிக்கெட்டின் நகலை உறையில் போட்டு, ஒருவருடையதை இன்னொருவர் பையிலும் வையுங்கள்.

தேர்வு முடிந்த அன்றே குழுவைக் கலைத்துவிடாதீர்கள். சில நாளில் தற்காலிக விடைக்குறிப்பு வரும், ஆட்சேபம் சொல்ல நேரமும் தருவார்கள். 2024 டிசம்பர்த் தேர்வுக்குப் பின், எழுதிய மாணவர் ஒருவர் விடைக்குறிப்பில் பிழை இருக்கிறது என்று டெல்லி உயர் நீதிமன்றம் போனார். இரண்டு கேள்விகளின் விடை தவறு என்று அந்த மாதமே தனி நீதிபதி தீர்ப்பளித்தார். விவகாரம் 2025-இல் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. ஆகவே கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு மறுபடி அதே மாடியில் உட்காருங்கள். எந்த விடை உங்களுக்கு ஒப்பவில்லையோ அதை இத்தனை மாதம் சண்டை போட்டதுபோலவே போடுங்கள். ஐந்து பேரும் ஒரு முடிவுக்கு வந்தால், பத்தியின் எந்த வரி, எந்தச் சொல், ஏன் அந்த விடை நிற்காது என்று ஒரே பக்கத்தில் ஆட்சேபத்தை எழுதி அனுப்புங்கள். அதன் நகல் ஒன்றை எனக்கும் அனுப்பினால், ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவில் உரக்கப் படித்து, எங்கள் பிள்ளைகளை எதிர்த்து வாதாடச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னே இந்தப் பாதையில் வந்த ஒரு வழக்குரைஞர்